தூதர்கள் தந்த விடுதலையா?

புதுச்சேரி விடுதலையைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், "டெல்லியும் பாரிஸும் பேசி முடித்தன, தூதர்கள் அமைதியாக ஊரைக் கைமாற்றினார்கள், ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை" என்பார்கள். படித்தவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். பாதி உண்மைகூட இல்லாத கதை இது.

இதற்குச் சாட்சியாகக் காட்டப்படுபவர் கேவல் சிங். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் இந்தியாவின் கன்சல் ஜெனரலாக இருந்தவர், 1954 நவம்பர் 1 அன்று அதே ஊரை ஆளும் ஆணையரானார். பிரான்ஸ் சார்பில் பியேர் லாண்டி பொறுப்பை ஒப்படைத்தார். அன்று கலவரம் ஏதும் இல்லை. அதற்குரிய பெருமையை அவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

ஆனால் அதற்குள் பிரெஞ்சு ஆட்சி ஆட்டம் கண்டுவிட்டது. அதுவரை பிரான்சின் பக்கம் நின்ற உள்ளூர்த் தலைவர் எதுவார் குபேர், அதே ஆண்டு மார்ச் 31-ல் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியை ஏற்றினார். பிரான்ஸ் வசமிருந்த மற்றப் பகுதிகளில் ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாஹேயும் அதன் கைவிட்டுப் போயின. எல்லையில் இந்திய அரசு கெடுபிடியை இறுக்கியது. இடையே மே மாதம் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. தூதர்கள் மேசைக்கு வந்தது இத்தனைக்கும் நடுவில்தான்.

ரத்தம் சிந்தவில்லையாம்! 1936 ஜூலை 30-ல் புதுச்சேரி சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு நடத்திய துப்பாக்கிச்சூட்டில் 12 பேர் மாண்டனர். அது கூலிப் போராட்டம்தானே என்று தள்ளிவிட முடியாது. அந்தத் தொழிலாளர்களைத் திரட்டிய வ. சுப்பையாதான் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து நின்ற தலைவர்களில் முக்கியமானவர். 1950-ல் அவர் வீட்டுக்கே தீ வைத்தார்கள்.

புதுச்சேரி நகரை அடுத்த மூலக்குளத்தைத் தாண்டி மேற்கே வில்லியனூர் வழியாகப் போனால் கீழூர். 1954 அக்டோபர் 18-ல் அங்கே நடந்ததை மக்கள் வாக்கெடுப்பு என்கிறார்கள். வாக்களித்தவர்கள் சட்டமன்ற, நகராட்சி உறுப்பினர்கள் 178 பேர் மட்டுமே. இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. மூலக்குளத்துக் குடியானவருக்கும் மில் தொழிலாளிக்கும் வாக்குச்சீட்டே கிடையாது.

தூதர்களின் வேகத்தையும் பார்த்துவிடலாம். இணைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28-ல். சட்டப்படி நடப்புக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்.

நவம்பர் 1 விழா மேடைகளில் பேசுகிறவர்கள் கேவல் சிங்கின் பெயரைத் தாராளமாகச் சொல்லட்டும். அதற்கு முன் 1936 ஜூலை 30-ஐச் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்.