பொது மருத்துவம் தாழ்ந்ததோ?

மருத்துவக் கலாசாலையிற் பயிலும் நண்பரை நோக்கி, "பட்டம் பெற்றபின் யாது செய்வீர்?" என வினவின், இருதயம், எலும்பு, கண், தோல் என ஓர் உறுப்பின் பெயரே பெரும்பாலும் விடையாக வரும். பொது மருத்துவராய் ஓரூரில் அமர்வேன் என்பார் மிகச் சிலர். "வெறும் எம்.பி.பி.எஸ்." என்னும் தொடர் மாணாக்கர் நாவிலும், உற்றார் நாவிலும், பெண் கொடுப்போர் நாவிலும் பயின்று வருகின்றது. நாலரை ஆண்டு கற்று, ஓராண்டு மருத்துவமனையிற் பணிசெய்து பெறும் பட்டத்திற்கு "வெறும்" என்னும் அடைமொழி தகுமோ?

மாணாக்கரை மட்டும் குறைகூறல் நீதியன்று. அவர் கற்பது பெரிய மருத்துவமனைகளில்; கற்பிப்போரும் பெரும்பாலும் தனித்துறை வல்லுநரே. ஒரு தெருவின் காய்ச்சலையும் இருமலையும் நாள்தோறும் காணும் மருத்துவரை ஆசிரியராய் அவர் காண்பது அரிது. காணாத தொழிலை எங்ஙனம் விரும்புவர்? மேற்படிப்பிற்குரிய நுழைவுத் தேர்வு முன்னிற்றலால், நோயாளியருகே கழியவேண்டிய அவ்வோராண்டும் பலர்க்கு வினாவிடை நூல்களோடு கழிகின்றது. பொருளும் மதிப்பும் வல்லுநர்க்கே மிகுதி என்பதும் மெய்யே.

வல்லுநர் வேண்டா என்பது எமது கருத்தன்று. நோய் இன்னதெனத் தெரிந்தபின் அவரிடம் செல்லலாம். தெரியாத முதனாளில் யாரிடம் செல்வது? உடற்சோர்வு ஒன்றே இரத்தக் குறைவாலும் வரும், நீரிழிவாலும் வரும், மனக்கவலையாலும் வரும். அதற்கு எவ்வுறுப்பின் வல்லுநரை நாடுவது? மருத்துவன் நோயின் அளவையும் காலத்தையும் மட்டுமன்றி நோயுற்றான் நிலையையும் அறிந்து செய்க என்றார் வள்ளுவர். அந்நிலையைத் தந்தையையும் மகனையும் பேரனையும் பார்த்த குடும்ப மருத்துவரினும் நன்கறிவார் யாவர்? இங்கிலாந்தில் இத்தொழில் புரிய விரும்புவோர் பட்டத்திற்கும் ஈராண்டுப் பொதுப் பயிற்சிக்கும் பின்னர், இதற்கென்றே மூன்றாண்டு பயில்கின்றனர். எளிய தொழிலாயின் அத்துணைப் பயிற்சி எதற்கு?

தமிழ் மாணாக்கராகிய யாம் ஒரு செய்தியை நினைவூட்ட விழைகின்றோம். 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலும் பின்னர்த் தமிழிலும் மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழிற் பெயர்த்தார். ஆங்கிலத்திற் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் போக, தமிழிற் கற்றோர் தம் ஊர்மக்களிடையே தங்குவர் என்பது அவர் கருதிய காரணங்களுள் ஒன்று. கற்பிக்கும் முறையே கற்றோர் செல்லும் வழியை வகுக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆதலின் மருத்துவ மாணாக்கர் ஒவ்வொருவரும் சில திங்களேனும் ஒரு பொது மருத்துவர் பக்கலில் அமர்ந்து பயிலுமாறு பாடத்திட்டம் அமைதல் வேண்டும். எம்மனோர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு: "வெறும்" என்னும் அச்சொல்லை இன்றே விட்டொழித்தல்.