செருப்பைக் கழற்றிப் பாருங்கள்



தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவது, நமக்கென்ன என்று எங்கள் சேலையூர் பக்கம் படித்தவர்களே சொல்கிறார்கள். நம்மிடையே அது குறைவுதான். வரவே வராது என்பதில்லை. கறுத்த சருமத்தில் மெலனோமா என்ற தோல் புற்று பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் வருகிறது. பாடகர் பாப் மார்லி 1981-இல் 36 வயதில் இறந்தது, கால் கட்டைவிரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால்.

முகத்தில் மினுமினுக்கும் கறுப்புக் கட்டியாக மெல்ல வளரும் அடித்தளச் செல் புற்றை மச்சம் என்று விட்டுவிடுகிறோம். செதிள் செல் புற்று பழைய தீக்காயத் தழும்பிலும், வருடக்கணக்கில் ஆறாத புண்ணிலும் கிளம்பலாம். ஆறாத புண் என்றாலே 'சுகர் புண்' என்று முடிவுகட்டி மஞ்சள் பற்றுப் போடுவதை என்ன சொல்ல!

பரிசோதனைக்குப் பயப்பட ஏதுமில்லை. தோல் மருத்துவர் உச்சந்தலையிலிருந்து கால்விரல் இடுக்கு வரை பார்ப்பார். நகப்பூச்சும் மருதாணியும் இல்லாமல் போவது நல்லது. சந்தேகப்பட்ட இடத்தை டெர்மாஸ்கோப் என்ற விளக்குவைத்த லென்ஸால் உற்றுப் பார்ப்பார். தேவையானால் மரத்துப்போக ஊசி போட்டு, துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார். அவ்வளவே.

2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பி.பி. பார்க்க வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். அப்போதே உள்ளங்காலையும் நகங்களையும் ஒருமுறை பார்க்கச் சொல்லலாம். தாம்பரம் மாநகராட்சிப் பகுதியிலேயே இதைத் தொடங்கட்டும்.

– வாசகர், சேலையூர்