மேக்ரோ லென்ஸ்: 1:1-ஐ விட இடைவெளியைப் பாருங்க

மேக்ரோ லென்ஸ் வாங்கப் போறவங்க முதல்ல கேட்கிறது "1:1 வருமா?" என்பதைத்தான். பொருளின் உண்மையான அளவே சென்சாரில் விழுவதுதான் 1:1. அதை 60 எம்எம் லென்ஸும் தரும், 100 எம்எம்மும் தரும். லென்ஸ் முனைக்கும் பொருளுக்கும் நடுவில் எவ்வளவு இடம் மிஞ்சுது என்பதுதான் என் கேள்வி. ஸ்பெக் ஷீட்டில் 30 சென்டிமீட்டர்னு போட்டிருந்தா, அது சென்சாரில் இருந்து அளந்தது. லென்ஸ் நீளத்தைக் கழிச்சா பாதிகூட மிஞ்சாது. 60 எம்எம்மில் இன்னும் கிட்டப் போகணும். தும்பி பறந்துடும், உங்க நிழலே வெளிச்சத்தை மறைக்கும். பூச்சி எடுக்கணும்னா 90-லிருந்து 105 எம்எம் வரை பாருங்க.

ஆட்டோஃபோகஸுக்குக் காசைக் கொட்டாதீங்க. ஃபுல் ஃப்ரேமில், 1:1-ல், எஃப்/8 வைத்தாலும் தெளிவாக விழுவது சுமார் 1 மில்லிமீட்டர்தான். கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் பிடிக்கணும். செகண்ட் ஹேண்ட் மேனுவல் லென்ஸே போதும்.

அம்மம்மாவின் தோடு, பழைய முத்திரை மாதிரி அசையாத பொருளா? புது லென்ஸே வேண்டாம். கையில் இருக்கிற 50 எம்எம்முக்குப் பின்னால் 50 மில்லிமீட்டர் எக்ஸ்டென்ஷன் டியூப் போட்டா கிட்டத்தட்ட 1:1 வந்துடும். மிச்சக் காசுக்கு ஃப்ளாஷும் டிஃப்யூசரும் வாங்குங்க. இவ்வளவு கிட்டப் போகும்போது வெளிச்சம்தான் முதல்ல பத்தாமப் போகும்.