ஒற்றை விரல் ரசிகர்கள்

அமெரிக்காவில் ஒரு ராக் கச்சேரி. உள்ளே கிடாருக்குச் சுருதி சேர்க்கும் சத்தம் கேட்கிறது. வெளியே, கார் நிறுத்தும் மைதானத்தில் ஐம்பது, நூறு பேர் ஆளுக்கு ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்துகொண்டிருக்கிறார்கள். (ஆள்காட்டி விரல்தான் சார். அவசரப்பட்டு வேறு விரலைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.) நம்மூர் வகுப்பில் இப்படித் தூக்கினால் வாத்தியார், ‘சீக்கிரம் போயிட்டு வா’ என்பார். அங்கே அதற்கு அர்த்தம், ‘ஒரே ஒரு டிக்கெட் வேணும். கையில் காசில்லை.’

ஓசி டிக்கெட்! அதுவும் முன்பின் தெரியாதவனிடம்! நடக்கிற காரியமா என்றால், நடந்திருக்கிறது. கூடுதலாக ஒரு டிக்கெட் வைத்திருக்கும் புண்ணியவான் எவனாவது வந்து கையில் திணித்துவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போய்விடுவான். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘மிராக்கிள்’. அற்புதம்!

இந்த விரல் ஆசாமிகளுக்கு ‘டெட்ஹெட்’ என்று பெயர். ‘கிரேட்ஃபுல் டெட்’ குழுவின் பரம பக்தர்கள். 1965-ல் கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ பக்கம் ஆரம்பித்த குழு. எங்களுக்குத் தலைவர் என்று யாரும் கிடையாது என்பார்கள். ஆனால் தாடியும் கறுப்புச் சட்டையுமாக கிடார் வாசித்த ஜெர்ரி கார்சியாதான் தலைவர் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். முப்பது வருஷத்தில் 2,300-க்கும் மேல் கச்சேரி செய்தார்கள். அதில் நூறு, இருநூறு கேட்ட ரசிகர்கள் சர்வசாதாரணம். பில் வால்டன் என்ற பிரபல கூடைப்பந்து வீரர், 2024-ல் காலமானவர், 800-க்கும் மேல் போயிருக்கிறார். மனிதர் உயரம் ஆறடி பதினோரு அங்குலம். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் மேடையைப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

இதை ஆபீஸில் சொன்னபோது பக்கத்து சீட்காரர் டிபன் பாக்ஸை மூடாமலேயே கேட்டார்: “ஒரே ஆளை எத்தனை தடவைய்யா கேக்கறது? அலுக்காது?”

அலுக்காததற்குக் காரணம் உண்டு. என்ன பாடப் போகிறோம் என்று மேடையேறும் வரை அவர்களே முடிவு செய்வதில்லை. பாட்டுப் பட்டியல் கிடையாது. நேற்று பத்து நிமிஷத்தில் முடித்த பாட்டை இன்று இருபத்தைந்து நிமிஷம் இழுப்பார்கள். பாதியில் வேறொரு பாட்டுக்குத் தாவி, மூன்றாவது பாட்டு வழியாக முதல் பாட்டுக்கே திரும்பி வருவார்கள். சபாவில் ஒருத்தர் தோடியை எடுத்தால், போன வருஷம் கேட்ட தோடிதானே என்று யாராவது எழுந்து போகிறார்களா? அந்த மாதிரிதான். மகா மோசமான ராத்திரிகளும் உண்டு. சுருதி விலகும், வரிகள் மறந்துபோகும். பக்தர்களே ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொண்டுவிட்டு, நாளைக்கு அடுத்த ஊரில் பிரமாதமாக இருக்கும் என்று வண்டிக்குப் பெட்ரோல் போடுவார்கள்.

பெட்ரோலுக்குக் காசு? அதற்குத்தான் அந்தக் கார் மைதானம். குழுவின் பாட்டுப் பெயரையே வைத்து அதை ‘ஷேக்டவுன் ஸ்ட்ரீட்’ என்று கூப்பிடுவார்கள். வண்டிக்குப் பின்னால் அடுப்பை வைத்து சீஸ் சாண்ட்விச் சுட்டு விற்பார்கள். சாயம் முக்கி எடுத்த டி-ஷர்ட், கழுத்து மணி, கையால் தைத்த பை... திருவிழாக் கடைத் தெரு தோற்றது. விற்ற பணத்தில் அடுத்த ஊர் டிக்கெட். வேலையை விட்டுவிட்டு மாசக்கணக்கில் பின்னாலேயே போனவர்கள் இருந்தார்கள். ‘பாட்டிக்குச் சீரியஸ்’ என்று லீவ் போட்டு வந்த குமாஸ்தாக்களும் இருந்திருப்பார்கள். பாட்டி எல்லா தேசத்திலும் உதவிக்கு வருகிறவள்.

1983-லிருந்து குழுவே தபாலில் டிக்கெட் விற்க ஆரம்பித்தது. விதிமுறை நம் சர்க்கார் விண்ணப்பம் போலக் கறார். மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டையில் விவரம் எழுத வேண்டும், மணியார்டர் வைக்க வேண்டும், சுயவிலாசமிட்ட உறையில் தபால்தலை ஒட்டியிருக்க வேண்டும். பிரிக்கிறவர்கள் கண்ணில் படட்டும் என்று ரசிகர்கள் உறை மேல் ரோஜாப்பூ, எலும்புக்கூடு என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து சித்திரம் தீட்டி அனுப்பினார்கள். டிக்கெட் கிடைத்ததோ இல்லையோ, தபால்காரர்களுக்கு நல்ல கண்காட்சி.

கூட்டத்துக்குள் இன்னும் சில கூட்டங்கள் இருந்தன. காது கேளாத ரசிகர்களுக்கு ஒரு தனி இடம். சைகையில் பாட்டைச் சொல்ல ஒருவர் நிற்க, அவர்கள் ஊதிய பலூனை இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டிருப்பார்கள். தாளத்தின் அதிர்வு பலூன் வழியாக விரலுக்கு வந்துவிடும்! இன்னொரு கும்பல் மஞ்சள் பலூன் கட்டி வைத்திருக்கும். ‘வார்ஃப் ராட்ஸ்’ என்று பெயர். குடி, போதையை விட்டவர்கள். சுற்றிலும் புகையும் மாத்திரையுமாக இருக்கிற அந்த இடத்தில் (மறைத்து என்ன பிரயோஜனம், அப்படித்தான் இருந்தது) இடைவேளையில் அந்த மஞ்சள் பலூனடியில் கூடி, ஒருத்தருக்கொருத்தர் துணையாக நின்று, மீதிக் கச்சேரியைத் தெளிவாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். என் கணக்கில் 800 கச்சேரி கேட்டவரை விட இவர்கள் பெரிய ரசிகர்கள்.

இப்போது கேசட் விஷயத்துக்கு வருகிறேன். துண்டுச் சீட்டில் பன்னிரண்டு பாட்டு எழுதி ரிக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் நடையாய் நடந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். சாதாரணமாக ராக் கச்சேரியில் டேப் ரிக்கார்டரைப் பார்த்தால் பிடரியில் கை வைத்து வெளியே தள்ளுவார்கள். கிரேட்ஃபுல் டெட் தள்ளவில்லை. வாசித்து முடித்துவிட்டோம், இனி எடுத்துக்கொண்டு போகட்டும் என்பது கார்சியாவின் கட்சி. மைக் கம்புகள் தென்னந்தோப்பு மாதிரி முளைத்து மேடையை மறைக்க ஆரம்பித்தபோதுகூடத் தடை போடவில்லை. 1984 அக்டோபரில், பெர்க்லி நகரக் கச்சேரியிலிருந்து, ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கென்றே ஒலிப்பலகைக்குப் பின்னால் தனி இடம் ஒதுக்கினார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. விற்கக்கூடாது.

விற்கவில்லை! ஒரு கச்சேரிக்கு 90 நிமிஷக் கேசட் இரண்டு வேண்டும். உங்களிடம் இருக்கிற கச்சேரியை எனக்குக் கொடுங்கள், என்னிடம் இருப்பதை உங்களுக்குத் தருகிறேன். மாற்றுவதற்கு ஒன்றுமில்லாத புதுசா? காலிக் கேசட்டும் திரும்பி வரத் தபால் செலவும் அனுப்பினால் போதும். முகம் பார்க்காத ஆள் உட்கார்ந்து பதிவு செய்து அனுப்புவார். பிரதிக்குப் பிரதி எடுக்க எடுக்க ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் ஏறும். அதனால் ‘இது எத்தனையாவது தலைமுறை?’ என்று பெண் பார்க்கிற மாதிரி விசாரித்தார்கள்.

சும்மா கொடுத்தால் யார் டிக்கெட் வாங்குவார்கள் என்று கேட்கத் தோன்றும். கேசட்டில் கேட்டவன் நேரில் கேட்க வந்தான். வரும்போது இரண்டு சிநேகிதர்களைக் கூட்டி வந்தான். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கச்சேரி வசூலில் இவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள்.

குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்ட்டர் ஜாக்சன் எடுத்த டேப்புகளுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். வாடகை கட்ட முடியாமல் போனதால் 1986-ல் அவருடைய சரக்கறையை ஏலம் விட்டார்கள். நூற்றுக்கணக்கான டேப் சுருள்கள் யார் யார் கைக்கோ போயின. அதில் ஈரம் பட்டதையும் பூஞ்சை பிடித்ததையும் பொறுமையாகத் துடைத்து மீட்டு ரசிகர் உலகத்துக்கு விட்டவர்களும் ரசிகர்கள்தான். 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகம், வெளியே மே மாதத்தில் பனி கொட்டிய ராத்திரி. அந்தக் கச்சேரிப் பதிவு இப்படிக் கை மாறிக் கை மாறியே புகழ் பெற்றது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2011-ம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துக் கௌரவித்தது. குழு அதை அதிகாரபூர்வ ஆல்பமாக வெளியிட்டது 2017-ல்தான்!

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1987-ல் இவர்களுடைய ‘டச் ஆஃப் கிரே’ அமெரிக்கப் பாட்டு வரிசையில் ஒன்பதாவது இடத்துக்கு ஏறியது. 22 வருஷத்தில் முதல் பத்துக்குள் வந்த ஒரே பாட்டு. டி.வி.யில் பார்த்துவிட்டுக் கூட்டம் வந்தது. பாட்டுக்காக வந்தவர்கள் கொஞ்சம். மைதானத்துக் கொண்டாட்டம், போதை, கும்மாளத்துக்காக வந்தவர்கள் ஏராளம். டிக்கெட் இல்லாதவர்கள் ஒற்றை விரலோடு நின்ற காலம் போய், கையில் பாட்டிலோடு நிற்கிற காலம் வந்தது.

1995 ஜூலை 2. இண்டியானா மாநிலத்தில் டீர் கிரீக் அரங்கம். கார்சியாவைக் கொல்லப்போவதாக மிரட்டல் வந்திருந்ததால் விளக்குகளை அணைக்காமலேயே வாசித்தார்கள். நடுவில் வெளியே இருந்தவர்கள் வேலியைச் சாய்த்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் உள்ளே புகுந்தார்கள். போலீஸ் மேல் கல்லும் பாட்டிலும் பறந்தன. இதைவிடக் கொடுமை, டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் அதைப் பார்த்துக் கைதட்டினார்கள்! மறுநாள் கச்சேரி ரத்து. ரசிகர்களுக்குக் குழு ஒரு கடிதம் எழுதியது. டிக்கெட் இல்லாவிட்டால் வராதீர்கள், வேலி உடைக்கிறவனை நீங்கள் தட்டிக் கேட்காவிட்டால் எங்கள் பயணம் இத்தோடு முடிந்துவிடும் என்பது சாரம். முப்பது வருஷம் வாசலைத் திறந்து வைத்திருந்தவர்கள் எழுதிய கடிதம்.

ஒரு வாரத்தில், ஜூலை 9-ந் தேதி, சிகாகோ சோல்ஜர் ஃபீல்டில் வாசித்தார்கள். அதுதான் கடைசி. ஆகஸ்ட் 9-ல் போதை மீட்பு இல்லம் ஒன்றில் மாரடைப்பால் கார்சியா இறந்துபோனார். வயசு 53. டிசம்பரில் அந்தப் பெயரில் இனி வாசிப்பதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். வேலி உடைத்ததால் செத்தார் என்று சொல்ல மாட்டேன். ஹெராயினும் சர்க்கரை நோயும் சிகரெட்டும் வருஷக்கணக்காகச் செய்த வேலை அது. ஆனால் அவர் கடைசியாகப் பார்த்த ரசிகர்களில் அந்த வேலிக் கூட்டமும் இருந்தது.

அஸ்தியில் ஒரு பகுதி 1996 ஏப்ரலில் ரிஷிகேஷ் வந்து கங்கையில் கரைந்தது. நமக்கு இன்னொரு உறவும் உண்டு. குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட் ‘பிளானட் டிரம்’ ஆல்பத்தில் ஜாகிர் உசேனோடு சேர்த்துக்கொண்டது நம் விக்கு விநாயக்ராமின் கடத்தை! 1992-ல் கிராமி விருது வாங்கியது. பானைக்குக் கிடைத்த மரியாதை.

பாஸ் கிடார் வாசித்த ஃபில் லெஷ்ஷுக்கு ஈரல் கெட்டுப்போய் 1998-ல் மாற்று ஈரல் வைத்தார்கள். இறந்துபோன ஓர் இளைஞனின் ஈரல். அதற்கப்புறம் தன் கச்சேரிகளில் கடைசிப் பாட்டுக்கு முன்னால் மைக் முன் வருவார். உறுப்பு தானம் செய்ய விரும்பினால் இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள், அம்மாவிடம் சொல்லுங்கள், மனைவியிடம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்வார். 2024-ல் 84 வயசில் காலமானார். ரசிகர்கள் அந்தப் பேச்சையும் ஒன்று விடாமல் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பதிவுகளின் பாட்டுப் பட்டியலில் அதற்கும் ஒரு வரிசை எண் உண்டு.