‘வெள்ளைக்கழிச்சல்’ என்று எழுதும் கை

கோழிக்கழிச்சல் தடுப்பூசி இருவார முகாமுக்காகப் பிப்ரவரிக் குளிரில் கொட்டச்சேடு மலைக்கிராமத்துக்கு ஏறிய நம் கால்நடை மருத்துவர்களுக்குத் தெரியும்: பஞ்சாரத்தைத் தூக்குவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தாக வேண்டும். தூக்கிவிட்டால் கோழிகள் காப்பிச் செடிக்குள் மறைந்துவிடும். பிறகு அந்தியில்தான் பிடிக்க முடியும். “போன மாசம் பத்துக் கோழி போச்சுங்க சார்” என்று யாராவது சொன்னால், அந்தக் கோழிக்கழிச்சலைத்தான் நம் கை தானாக ‘வெள்ளைக்கழிச்சல்’ என்று எழுதும். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடுகிறது. தொல்லையே அதுதான்: பறவைக்காய்ச்சலைத் தேட நமக்குத் தோன்றுவதில்லை.

இன்ஃப்ளுயன்சா ஏ வைரஸின் மரபணுக்கள் எட்டுத் துண்டுகளாக இருப்பதும், இருவேறு வைரஸ்கள் ஒரே செல்லில் புகுந்தால் துண்டுகள் கைமாறுவதும் நாம் கல்லூரியில் படித்தவை. 1957-ல் மனித வைரஸ் பறவை வைரஸிடமிருந்து மூன்று துண்டுகளைப் பெற்றது, 1968-ல் இரண்டு. இரண்டு முறையும் உலகமே படுத்தது. 2009-ல் அந்தக் கலப்பு பன்றிகளில் நடந்தது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2024-ல் கொல்கத்தா போய்த் திரும்பிய ஆஸ்திரேலியக் குழந்தைக்கு எச்5என்1 பறவைக்காய்ச்சல். வைரஸின் மேல்புரதம் நம் பகுதியில் பல ஆண்டுகளாகச் சுற்றும் 2.3.2.1ஏ கிளையைச் சேர்ந்தது. உள்ளே 2.3.4.4பி கிளையின் துண்டுகளும், காட்டுப்பறவைகளின் வீரியம் குறைந்த வைரஸ்களின் துண்டுகளும் கலந்திருந்தன. ‘எச்5 பாசிட்டிவ்’ என்பதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கலப்பு வெளிவந்தே இருக்காது.

எனக்கு இதைவிடக் கவலை தருவது எச்9என்2. கோழியை அது அவ்வளவாகக் கொல்லாது. கொஞ்சம் இருமல், முட்டை குறைவு, அவ்வளவுதான். ஆனால் 2013-ல் சீனாவில் மனிதரைக் கொன்ற எச்7என்9-இன் உள்துண்டுகள் ஆறும் இதனிடமிருந்து போனவை. 2019-ல் மகாராஷ்டிரத்தின் மேல்காட் மலைப்பகுதியில் 17 மாதக் குழந்தையிடம் இந்த எச்9என்2 இருந்தது. அதையும் யாரும் தேடிப் போகவில்லை. ஆர்எஸ்வி என்ற வேறொரு சுவாச வைரஸுக்கான கண்காணிப்பில் தற்செயலாகச் சிக்கியது.

ஆகவே சாவை மட்டும் கேட்காதீர்கள், முட்டையையும் கேளுங்கள். தொண்டை, எச்சத்துவாரம் இரண்டிலும் ஸ்வாப் எடுங்கள். தடுப்பூசிப் பெட்டியில் வைக்காமல் தனிப் பெட்டியில் குளிர் குறையாமல் இறக்குங்கள். சந்தேகப்பட்ட கோழியைத் திண்ணையில் வைத்து அறுத்துப் பார்க்கும் நம் பழைய தைரியம் வேண்டாம். முட்டை விலை விழுந்துவிடும் என்ற நாமக்கல் பக்கத்துப் பயம் நியாயமானதுதான். அதற்காகப் பறவைக்காய்ச்சலை உறுதிசெய்யும் போபால் ஆய்வகத்துக்குப் போக வேண்டிய மாதிரி மலையிலேயே நின்றுவிடக் கூடாது.

ஒரு முகாமில் ஓர் அம்மா சொன்னார்: “முட்டை வெக்கறதையே உட்டுருச்சுங்க சார், அப்பறம் தானா சரியாயிருச்சு.” தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனவன் நான்தான். பெட்டியில் ஸ்வாப் இருந்தது.