நம்ம காசுல ஒரு திருவிழா

ஊர்த் திருவிழாவுக்கு வரி பிரிக்கும்போது சேரிக்காரங்ககிட்ட வாங்க மாட்டாங்க. பல ஊர்களில் இதுதான் வழக்கம். இரக்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். வரி வாங்கினால் பங்கு தரணும். சாமி நம்ம தெருவுக்குள்ளும் வரணும், தேர்வடத்தில் நம்ம கையும் படணும். அதனால்தான் நம்ம காசு அவங்களுக்குத் தீட்டு. கண்டதேவியில் வடம் பிடிக்க நடந்த போராட்டம் வெறும் கயிற்றுக்காக நடந்ததல்ல, இந்தப் பங்குக்காக நடந்தது.

2010 அக்டோபரில் டெல்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி இந்த ஊர் வழக்கத்தையும் மிஞ்சிவிட்டது. நம்மைக் கேட்காமலே நம்ம வரியை எடுத்துக்கொண்டார்கள். பங்கும் தரவில்லை.

கணக்கைப் பார்ப்போம். பட்டியல் சாதியினர் மக்கள்தொகையில் எத்தனை சதவீதமோ, திட்ட நிதியில் அத்தனை சதவீதத்தை அவர்களுக்கென்று தனியாக ஒதுக்க வேண்டும். சிறப்பு உட்கூறுத் திட்டம் சொல்வது இதைத்தான். பிச்சைக் காசு அல்ல, பங்கு. இந்தப் பணத்திலிருந்து 744 கோடி ரூபாயை டெல்லி அரசு விளையாட்டுப் போட்டிச் செலவுக்குத் திருப்பிவிட்டிருந்ததை, ஹவுசிங் அண்ட் லேண்ட் ரைட்ஸ் நெட்வொர்க் என்ற அமைப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக 2010இல் வெளியே கொண்டுவந்தது. தலித் அமைப்புகள் கூச்சல் போட்ட பிறகு, நிதி திருப்பிவிடப்பட்டது தவறு என்று அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். விடுதி கட்ட, படிப்புதவி கொடுக்க, குடியிருப்புக்குத் தண்ணீர் கொண்டுவர இருந்த பணம்.

அந்தப் பன்னிரண்டு நாளும் டெல்லி அழகாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? தொடக்க நாளான அக்டோபர் 3 அன்றே புது மெட்ரோ தடம் ஓடத் தொடங்கியது. வட்டு எறிதலில் கிருஷ்ணா பூனியா, ஹர்வந்த் கவுர், சீமா அன்டில் என்று தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் நம்ம நாட்டுப் பெண்களே வாங்கினார்கள். தொடர் ஓட்டத்தில் நாலு பெண்கள் தங்கம் வென்றபோது நேரு ஸ்டேடியமே எழுந்து நின்று கத்தியது. சொந்த ஊரில் உலகம் வந்து இறங்குகிறது. அதைக் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பார்ப்பது ஒரு சுகம். இந்தச் சுகம் யாருக்குக் கிடைத்தது என்பதுதான் கேள்வி.

அந்தப் புதுத் தடத்தில் நேரு ஸ்டேடியத்துக்கு அடுத்த ஸ்டேஷன் ஜங்புரா. அங்கே பாராபுல்லா ஓடைக்கரையில் தமிழ் தலித் குடும்பங்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போனவர்கள். டெல்லிக்காரர்களின் வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர்கள், தெரு கூட்டியவர்கள். 2010 ஏப்ரலில் 350க்கும் மேற்பட்ட வீடுகள் இடிக்கப்பட்டன. எதற்கு? விளையாட்டுப் பார்க்க வருகிறவர்கள் வண்டி நிறுத்துவதற்கு! ஏப்ரலில் வீடு போச்சு, அக்டோபரில் மெட்ரோ வந்தது. ஏறுவதற்குத்தான் அவர்கள் அங்கே இல்லை.

இடிக்க முடியாத குடிசைகளைத் தட்டி வைத்து மறைத்தார்கள். பிச்சைக்காரர்களைப் பிடிக்க நடமாடும் நீதிமன்றம் விட்டார்கள். ஸ்டேடியம் கட்டிய தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடக் கொடுக்கவில்லை என்று டெல்லி உயர்நீதிமன்றம் அமைத்த குழுவே சொன்னது. விருந்தாளி வரும்போது வாசலில் நிற்கிற பறையனை 'அந்தாண்டை போ' என்று விரட்டுகிற அதே புத்திக்கு, இங்கே 'தேச கௌரவம்' என்று பெயர்.

நம் தோழர்கள் சிலர் கேட்பார்கள்: சோத்துக்கே வழியில்லாத சனத்துக்கு விளையாட்டு எதுக்கு? இதெல்லாம் மேட்டுக்குடிக் கும்மாளம், புறக்கணிப்போம் என்று. இந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. சோறு கொடு, கூலி கொடு என்று மட்டும் கேட்கிறவனாகவே நாம் இருப்பது ஆதிக்க சாதிக்கு ரொம்ப வசதி. கொண்டாட்டம் அவனுக்கு, கோரிக்கை மனு நமக்கு என்று பாகம் பிரித்தது யார்? குளத்தில் தண்ணி குடிக்கவும், கோயிலுக்குள் நுழையவும் போராடிய நாம், ஸ்டேடியத்தில் உட்கார்ந்து விசிலடிக்கிற உரிமையை மட்டும் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? நகரத்தைக் கட்டியவன், கூட்டிப் பெருக்கியவன், சாக்கடை அடைப்பெடுத்தவன் அந்த நகரத்தைச் சும்மா சுற்றிப் பார்த்துச் சந்தோஷப்படுவதும் அரசியல்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அதே ஓடைக்கரையில் மிச்சமிருந்த மதராசி கேம்ப்பையும் 2025 ஜூன் 1 அன்று இடித்துவிட்டார்கள். இந்த முறை சொன்ன காரணம் விளையாட்டு அல்ல, ஓடையைத் தூர்வாருவது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீடு பெறத் தகுதி உண்டென்றார்கள். அந்த வீடும் நகரத்தின் வடகோடியில், நரேலாவில். காரணம் மாறும், புல்டோசர் மாறாது. அதே ஆண்டு நவம்பரில் 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு வழங்கப்பட்டது. 2036 ஒலிம்பிக்கையும் கொண்டுவர முயற்சி நடக்கிறது. திரும்பவும் தட்டி கட்டுவார்கள். திரும்பவும் நம்ம பெட்டியில் கை விடுவார்கள்.

ஆகவே இப்போதிருந்தே கேட்க வேண்டும். பட்டியல் சாதி நிதியில் ஒரு பைசா போட்டிக்குப் போகக் கூடாது. அதற்கு நாடு முழுவதற்கும் சட்டம் வேண்டும். தமிழ்நாடு 2024இல் இந்த நிதிக்குச் சட்டம் போட்டிருக்கிறது, ஒன்றிய அரசு ஏன் போடவில்லை? பக்கத்திலேயே மாற்று வீடு தராமல் ஒரு குடிசையும் இடிக்கக் கூடாது. கட்டுகிற தொழிலாளிக்குக் கூலி பாக்கி இருக்கக் கூடாது. போட்டி முடிந்த பிறகு அந்த மைதானத்தில் சேரிப் பிள்ளைகள் காசு கொடுக்காமல் ஓட வேண்டும்.

மாணவத் தோழர்களே, உங்கள் ஊருக்கும் ஒரு நாள் பெரிய விளையாட்டு வரும். போங்கள், பாருங்கள், தொண்டை வலிக்கக் கத்துங்கள். வாசலில் எவனாவது டிக்கெட் கேட்டால் அந்த 744 கோடிக்கு ரசீது கேளுங்கள்.