திறமைக்குப் பரிசாகக் கவசம் தகுமா?

இக்காலத்து மாணவர் விடுதிகளில் மாலைப்பொழுதைக் கவர்ந்துகொள்ளும் வீடியோ விளையாட்டுகளுள் இயந்திரப் போர் விளையாட்டும் ஒன்று. மாடி வீடொத்த இரும்புருவத்தினுள் அமர்ந்து, அதனை நடத்திப் பகைவரோடு பொருதலே அதன் இயல்பு. அது வீண்பொழுது என்பாருமுளர். அவரோடு வழக்காடுதல் நம் நோக்கமன்று. விளையாட்டினுள்ளும் நீதி ஒன்றுண்டு; அது எண்களினிடையே மறைந்து கிடக்கின்றது; அதனை ஆராய்தல் கற்போர்க்குத் தகும் என்பதே நாம் கூற வந்தது.

கானடா நாட்டுப் பிரானா கேம்ஸ் நிறுவனத்தார் 2013-இல் வெளியிட்ட மெக்வாரியர் ஆன்லைன் என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதிலே ஒவ்வொரு பொறிக்கும் தலை, நடுமார்பு, இரு பக்கமார்புகள், இரு கைகள், இரு கால்கள் என எட்டு உறுப்புகள் உண்டு. ஒவ்வோர் உறுப்புக்கும் மேலே கவசமும் உள்ளே கட்டுக்கோப்பும் தனித்தனியே அமைந்துள்ளன. நடுமார்பு சிதைந்தால், ஏனைய உறுப்புகள் நன்னிலையில் இருப்பினும் பொறி அழிந்ததேயாம். 2017-இல் இவ்விளையாட்டிலே திறன் மரம் என்னும் ஏற்பாடு புகுந்தது. போர் பல செய்து பெற்ற அனுபவத்தைப் புள்ளிகளாக மாற்றி, ஒரு பொறிக்கு 91 புள்ளிகள் வரை செலவிடலாம். அவற்றாற் கவசத்தையும் கட்டுக்கோப்பையும் சில விழுக்காடு மிகுவிக்கலாம். இதுவே திறன் போனஸ் எனப்படுவது.

இப்போனஸ் பொறியின் உறுதியை எவ்வளவு கூட்டுகின்றது? விளக்கத்தின் பொருட்டு நாமே சில எண்களைக் கொள்வோம். ஓர் உறுப்பின் கவசம் 40 என்றும், பகைவனது ஒரு குண்டின் வலிமை 10 என்றும் வைத்துக்கொண்டால், நான்கு குண்டுகளில் அக்கவசம் ஒழியும். நூற்றுக்கு 5 கூட்டினால் 42 ஆகும். ஒழிக்க ஐந்தாம் குண்டு வேண்டும். கவசம் 36 ஆயின், நூற்றுக்கு 10 கூட்டினும் 39.6 தான், முன்போலவே நான்கு குண்டுகள் போதும். சிறிய போனஸ் ஓரிடத்தில் உயிர் காக்கின்றது; பெரிய போனஸ் மற்றோரிடத்தில் ஒன்றுக்கும் உதவாது போகின்றது. ஆகவே விழுக்காட்டைக் கண்டு மயங்குதல் கூடாது. எத்தனை அடி தாங்கும் என்பதையே நோக்குதல் வேண்டும்.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. கைதேர்ந்தவன் குண்டு வரும்போது மார்பைத் திருப்பித் திருப்பி, அடியை மூன்று மார்புகளுக்கும் பங்கிடுகின்றான். புதியவனோ நேரே நின்று, அடியனைத்தையும் நடுமார்பிலேயே ஏற்கின்றான். மார்பு ஒவ்வொன்றுக்கும் 40 எனின், முன்னவன் பயன்கொள்ளும் கவசம் 120, பின்னவனுக்கு 40. இருவர்க்கும் நூற்றுக்கு 10 போனஸ் அளித்தால், வல்லவன் பெறுவது 12, புதியவன் பெறுவது 4. ஒரே பரிசு வல்லவனிடத்தில் மும்மடங்காகின்றது. அப்பரிசையும் பழகியவன் முன்னரே பெற்றிருப்ப, புதியவன் பெறாதே களம் புகுவானாயின், அப்போர் எத்தகைய போர்? கற்றுக்கொள்ளுமுன் வீழ்கின்றவன் எவ்வாறு கற்பான்? திறமைக்குப் பரிசாகக் கவசத்தை அளித்தல் நீதியன்று என்பது நம் துணிபு.

"உழைத்தவனுக்கு ஊதியம் வேண்டாமோ?" என்று கேட்கலாம். வேண்டும், ஆயின் எதனை ஊதியமாக அளிப்பது என்பதே கேள்வி. இதற்கு விடை தேடித் தொலைதூரம் செல்லவேண்டுவதில்லை. திருச்செந்தூர்க்கு வடக்கேயுள்ள தூத்துக்குடியில் 1961 வரை முத்துக்குளிப்பு நடைபெற்றது. இக்கரையினின்றும் கீழக்கரையினின்றும் குளியாட்கள் மன்னார் வளைகுடாவைக் கடந்து இலங்கைச் சலாபங்களுக்கும் சென்றனர். அங்கே கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலவிய முறை கருதத்தக்கது. கொணர்ந்த சிப்பிகளை மூன்று குவியலாக்கி, இரண்டை அரசினர் கொள்வர். ஒன்று குளித்தவரைச் சேரும். மிகுதியாக எடுத்தவனுக்கு மிகுதியான பங்கு. திறமைக்கு ஊதியம் அங்கே குறைவின்றிக் கிடைத்தது.

ஆனால் காப்பு எவ்வாறிருந்தது? ஆழ்த்தும் கல்லும், இழுக்கும் கயிறும், தோணியின்மீது நின்று அக்கயிற்றைக் கையில் உணர்ந்துகொண்டே இருக்கும் துணைவனும் முதல்நாள் குளிப்பவனுக்கும் உண்டு. முப்பது ஆண்டு குளித்தவனுக்கும் உண்டு. சுறாமீனை மந்திரத்தால் கட்டுவான் என்று நம்பப்பெற்ற கடல்கட்டியும் தோணிகள் அனைத்துக்காகவுமே அமர்த்தப்பட்டான். அம்மந்திரத்தின் மெய்ம்மை எத்தகையதாயினும் ஆகுக. அது வல்லவனுக்கு ஒன்றாகவும் புதியவனுக்கு ஒன்றாகவும் இருந்ததில்லை. ஊதியம் திறமையின் வழியது, காப்பு யாவர்க்கும் பொது என்பதே அங்கே நாம் காணும் நெறி.

மேற்கூறிய விளையாட்டிலேயே இந்நெறியின் சாயல் ஒன்று காணப்படுகின்றது. எடை குறைந்த பொறிகளுக்குக் கவசப் போனஸின் விழுக்காடு மிகுதியாகவும், எடை மிக்கவற்றுக்குக் குறைவாகவும் வைத்துள்ளனர். தேவையை நோக்கிக் காப்பைக் கூட்டியது சாலவும் நன்று. அதனைப் பொறிக்கு மட்டுமன்றி, நடத்துவோனுக்கும் விரித்தல் வேண்டும். பழகியவனுக்குப் புதிய பொறிகள், வண்ணங்கள், பட்டங்கள், கடினமான களங்கள் ஆகியவற்றை அளிக்கட்டும். கவசம் மட்டும் முதல்நாள் தொட்டே அனைவர்க்கும் ஒன்றாயிருக்கட்டும். அப்பொழுது வென்றவனும் தன் வெற்றி தன்னுடையதே என்று தலைநிமிர்ந்து கூறலாம். மிகையான இரும்பினால் வென்றானோ, கையின் நுட்பத்தினால் வென்றானோ என்னும் ஐயம் எழாது.

கணினிக் கலை பயிலும் மாணவருள் சிலர் நாளை இத்தகைய விளையாட்டுகளைத் தாமே ஆக்குவர். அவர்கள் எண்களை நிரப்ப அமரும்போது, பரிசு எது, காப்பு எது என்று பிரித்தறிந்து நிரப்புவாராக.